ஒரே ஆழத்தில் பத்துத் துளை: பெஞ்ச் டிரில்லின் ஸ்டொப்பரைப் புரிந்துகொள்வது

யாழ்ப்பாணத்தில் இப்போது கட்டுகிற வீடுகளில் குசினிக்குப் பான்ரி கபேட் வைக்காதவர்கள் குறைவு. அந்தக் கபேட் கதவின் உட்பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிணைச்சலின் கிண்ணம் உட்காருவதற்கு 35 மிமீ அகலத்தில் ஒரு வட்டக் குழி இருக்கும். கதவுப் பலகையின் தடிப்பு 16 அல்லது 18 மிமீ. குழியின் ஆழம் பெரும்பாலான பிணைச்சல்களுக்கு 11.5 முதல் 13 மிமீ வரை. 16 மிமீ பலகையில் 12.5 மிமீ குழி எடுத்தால் அடியில் மிஞ்சுவது 3.5 மிமீ மட்டும். குழி எடுக்கும் பிட்டின் நடுவில் ஒரு கூர்முனை வேறு இருக்கிறது. அது குழியின் அடியையும் தாண்டி இரண்டு, மூன்று மிமீ கீழே இறங்கும். ஆக, ஒரு மிமீ கூடிப் போனால் கதவின் வெளிப்பக்க லமினேட்டில் ஒரு கொப்பளம் எழும், அல்லது நேராக ஓட்டையே விழும். ஒரு மிமீ குறைந்தால் பிணைச்சல் தூக்கிக்கொண்டு நிற்கும், கதவு ஒழுங்காக மூடாது.

ஒரு கதவுக்கு இரண்டு குழி. ஒரு குசினிக்குப் பதினைந்து கதவு என்றால் முப்பது குழி. முப்பதும் ஒரே ஆழத்தில் வர வேண்டும். கையில் பிடிக்கிற டிரில்லால் இதைக் கண்மட்டத்தில் செய்யலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்த கபேட்டை நான் வாங்கமாட்டேன். இதற்கென்றே உள்ளதுதான் பெஞ்ச் டிரில், அதாவது மேசையும் தூணும் உள்ள நிலையான டிரில் மெசின். ஆனால் மெசின் வாங்கியவுடன் ஆழம் தானாகச் சரியாகிவிடாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலரும், பிட்டைக் குறித்த இடத்துக்குக் கீழே இறங்கவிடாமல் தடுக்கும் ஸ்டொப்பரைப் பூட்டிவிட்டு நம்பிக்கையோடு துளைபோடுவார்கள். அளந்து பார்த்தால் ஒன்று 12, ஒன்று 13, ஒன்று 11.5. உடனே மெசினைத் திட்டுவார்கள். மெசின் தனக்குச் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. என்ன சொன்னோம் என்பதுதான் கேள்வி.

மெசினுக்குத் தெரிந்த ஒரே விஷயம்

மெசினை ஒருமுறை கீழிருந்து மேலே பார்த்துக்கொள்வோம். அடியில் கனமான வார்ப்பிரும்புத் தட்டு. அதில் ஊன்றிய ஒரு தூண். தூணின் உச்சியில் மோட்டரும் பெல்ட்டும் உள்ள தலை. இடையில் மேசை. பூட்டைத் தளர்த்தினால் அது தூணில் ஏறும், இறங்கும். தலைக்குள்ளிருந்து ஒரு உருளை கீழே வரும், அதைக் குவில் என்பார்கள். அதன் நுனியில்தான் பிட்டைப் பிடிக்கும் சக் இருக்கிறது. பக்கத்திலுள்ள கைபிடியை இழுத்தால் உள்ளே ஒரு பற்சில்லு சுழன்று, குவிலின் முதுகில் வெட்டியிருக்கும் பற்களைத் தள்ளி அதைக் கீழே இறக்கும். கையை விட்டால் ஸ்பிரிங் அதை மேலே இழுத்துக்கொள்ளும்.

ஸ்டொப்பர் என்பது பெரும்பாலும் குவிலோடு சேர்ந்து இறங்கும் மரை போட்ட ஒரு கம்பி. அந்தக் கம்பி தலையிலுள்ள ஒரு காதுக்குள்ளால் போகும். கம்பியில், காதுக்கு மேலே, இரண்டு நட் இருக்கும். குவில் இறங்க இறங்க நட்டும் இறங்கி, கடைசியில் காதில் வந்து முட்டும். அதற்கு மேல் இறங்காது. சில மெசின்களில் கம்பிக்குப் பதிலாகக் கைபிடியின் அடியில் மிமீ கோடு போட்ட ஒரு வளையம் இருக்கும். வளையத்தைச் சுழற்றி ஒரு திருகால் இறுக்க வேண்டும். வேலை ஒன்றுதான்.

இப்போது கவனியுங்கள். நட் எங்கே முட்டுகிறது? தலையில். தலை தூணில் நிற்கிறது, மேசையும் அதே தூணில் நிற்கிறது. ஆக ஸ்டொப்பர் உண்மையில் தீர்மானிப்பது பிட்டின் முனைக்கும் மேசைக்கும் இடையில் எவ்வளவு தூரம் மிஞ்ச வேண்டும் என்பதை மட்டும். பலகையின் மேற்பரப்பு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நாங்கள் ஆழம் என்று சொல்வதோ மேற்பரப்பிலிருந்து அளப்பது. இந்த இரண்டும் ஒன்று என்று நினைப்பதில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது.

கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டை ஒரு முழம் உயர்த்திக் கட்டினால் கயிறு ஒரு முழம் கூடத் தேவைப்படும். தண்ணீர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, கட்டுத்தான் உயர்ந்தது. பலகை தடித்தாலும் அப்படித்தான்: பிட் நிற்கும் இடம் மாறவில்லை, மேற்பரப்பு உயர்ந்துவிட்டது, துளை ஆழமாகிவிட்டது.

கணக்காகச் சொன்னால், பிட்டின் முனை மேசைக்கு 8 மிமீ மேலே நிற்கும்படி ஸ்டொப்பரைப் பூட்டியிருக்கிறீர்கள். 20 மிமீ பலகையில் ஆழம் 12. அடுத்த பலகை 21 என்றால் 13. அதற்கடுத்தது 19 என்றால் 11. மூன்றிலும் அடியில் மிஞ்சியது மட்டும் அதே 8.

இதனால் துளைபோட முதல் உங்களையே கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எனக்கு ஒரே ஆழம் வேண்டுமா, அல்லது அடியில் ஒரே தடிப்பு மிஞ்ச வேண்டுமா? மறுபக்கம் துளைத்துவிடக் கூடாது என்பதுதான் கவலை என்றால் இரண்டாவது போதும், மெசின் அதை இயல்பாகவே தரும். ஒரே நீளமுள்ள மர ஆப்புகளை அடித்து இரண்டு பலகையைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் முதலாவதுதான் வேண்டும். அதற்கு ஸ்டொப்பரில் மருந்து இல்லை. பலகைகள் எல்லாம் ஒரே தடிப்பாக இருக்க வேண்டும்.

தொழிற்சாலையில் செய்த எம்டிஎப், லமினேட் பலகைகளில் இந்தத் தலைவலி குறைவு. வன்னியிலிருந்து வரும் முதிரையையும் பாலையையும் மரக்காலையில் அரிந்து வாங்கினால் ஒரே பலகையின் இரண்டு தலைப்பிலும்கூட ஒரு நூல் வித்தியாசம் இருக்கலாம். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று, அதாவது மூன்று மிமீக்குச் சற்று மேல். அப்படியான பலகையைச் சீவி ஒரு தடிப்புக்குக் கொண்டுவராமல் ஸ்டொப்பரைத் திருகிக்கொண்டிருப்பது வீண்வேலை. கோடையில் சீவி அடுக்கிவைத்த பலகையை ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் எடுத்துத் துளைபோடுகிறீர்கள் என்றாலும் தடிப்பை மறுபடி அளந்துகொள்ளுங்கள். மரம் ஈரத்தைக் குடித்து ஊதும்.

ஆழம் எங்கே முடிகிறது?

சாதாரண டிரில் பிட்டின் முனை கூம்பு. அதனால் துளையின் அடியும் கூம்பாகத்தான் இருக்கும். அப்படியானால் ஆழத்தை எதுவரை அளப்பது, கூம்பின் நுனி வரையா, முழு அகலம் முடிகிற இடம் வரையா?

பொறியியல் வரைபடங்களில் குருட்டுத் துளையின், அதாவது மறுபக்கம் திறக்காத துளையின், ஆழம் என்று போட்டிருப்பது பொதுவாக முழு அகலம் உள்ள பகுதியின் ஆழத்தை. கூம்பு அதற்குக் கீழே கூடுதலாக வரும். எவ்வளவு கூடுதல் என்பது முனையின் கோணத்தைப் பொறுத்தது. கடைகளில் கிடைக்கும் சாதாரண பிட் 118 பாகை. அதில் கூம்பின் உயரம் பிட்டின் விட்டத்தில் ஏறக்குறைய பத்தில் மூன்று. 5 மிமீ பிட்டுக்கு 1.5, 8 மிமீக்கு 2.4, 10 மிமீக்கு 3. கடினமான உலோகத்துக்கு விற்கும் 135 பாகை பிட்டில் கூம்பு தட்டையானது, பத்தில் இரண்டு என்று எடுத்துக்கொள்ளலாம்.

இது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் ஒரு இரும்புத் தகட்டில் எம்6, அதாவது 6 மிமீ விட்டமுள்ள, ஸ்க்ரூவுக்குக் குருட்டுத் துளை போட்டு மரை வெட்டப் போகிறவர் 5 மிமீ பிட்டால் துளைக்க வேண்டும். முனை மேற்பரப்பைத் தொட்ட இடத்திலிருந்து 12 மிமீ இறக்கினால் அவருக்குக் கிடைக்கும் முழுத்துளை 10.5 மிமீ மட்டும். மரை வெட்டும் டாப்பின் நுனியும் கொஞ்சம் சரிவானது, கடைசிச் சில சுற்றில் முழு மரை வராது. இரண்டும் சேர்ந்தால் ஸ்க்ரூ பாதியில் நின்றுவிடும். ‘டாப் சரியில்லை’ என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்குள் இந்தப் பத்தில் மூன்றை நினைத்துப் பார்ப்பது நல்லது.

மரத்துக்கென்று வரும், நடுவில் ஊசிமுனையும் ஓரத்தில் வெட்டுப்பல்லும் உள்ள பிட்டில் அடி கிட்டத்தட்டத் தட்டையாக வரும். பெரிய குழி எடுக்கும் போர்ஸ்னர் பிட்டும் அப்படித்தான். அங்கே அளக்க வேண்டியது தட்டை அடிவரை, ஆனால் மறுபக்கத்தைப் பற்றி யோசிக்கும்போது ஊசிமுனை வரை.

ஸ்டொப்பரை வைப்பது

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். பிட் மாற்றும்போதும் ஸ்டொப்பர் வைக்கும்போதும் கை சக்கின் பக்கத்திலேயே இருக்கும். சுவிட்ச் தவறிப் பட்டால் கதை முடிந்தது.

மெசினிலுள்ள அளவுகோலை நம்பலாமா? சுமாராக நம்பலாம். அதன் சுழியம் எங்கே இருக்க வேண்டும் என்பது நீங்கள் பூட்டிய பிட் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, பலகை எவ்வளவு தடிப்பு என்பதையெல்லாம் பொறுத்து ஒவ்வொரு முறையும் மாறும். மலிவான மெசின்களில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கோடுகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நான் அதைப் பார்ப்பதே இல்லை.

எனக்குப் பிடித்த முறை இடைத்துண்டு வைத்துப் பூட்டுவது. பலகையை மேசையில் வைத்து, அதன்மேல் ஒரு துண்டுக் கடதாசியை வையுங்கள். கைபிடியால் பிட்டை மெதுவாக இறக்கிக்கொண்டே கடதாசியை அங்கும் இங்கும் இழுத்துப் பாருங்கள். கடதாசி பிடிபடுகிற கணத்தில் முனை மேற்பரப்பிலிருந்து கடதாசித் தடிப்பு அளவில், ஏறக்குறைய 0.1 மிமீ உயரத்தில் நிற்கிறது. மர வேலைக்கு அதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. அந்த இடத்தில் குவிலைப் பூட்டிவிடுங்கள். பூட்டு இல்லாத மெசினில் பக்கத்தில் நிற்பவரைக் கைபிடியைப் பிடிக்கச் சொல்லலாம்.

இப்போது மேலே பாருங்கள். நட்டுக்கும் காதுக்கும் இடையில் ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளி எவ்வளவோ, பிட் இன்னும் அவ்வளவுதான் இறங்கும். ஆக, 12 மிமீ இறங்க வேண்டும் என்றால் அங்கே சரியாக 12 மிமீ தடிப்புள்ள ஒரு துண்டை வைத்து, நட்டை அதன்மேல் மெதுவாக முட்டும்வரை திருகினால் முடிந்தது. 12 மிமீ துண்டுக்கு எங்கே போவது? உங்கள் பிட் பெட்டியிலேயே இருக்கிறது. 12 மிமீ பிட்டின் வாலைக் குறுக்கே செருகுங்கள். 8 மிமீ ஆழத்துக்கு 8 மிமீ பிட்டின் வால். வாலைச் சிறிதாக்கி வைத்திருக்கும் பிட்டுகளும் உண்டு என்பதால் ஒருமுறை வேணியரால் அளந்துவிட்டுச் செருகுங்கள். பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் பிடித்த அதே வேணியர் இடுக்கிமானிதான், இரும்புக் கடையில் கிடைக்கும் சாதாரணமானதே போதும்.

முழு அகலத்தின் ஆழம் வேண்டும் என்றால் கூம்பின் உயரத்தையும் துண்டோடு கூட்ட வேண்டும். 8 மிமீ பிட்டால் 12 மிமீ முழுத்துளை வேண்டும் என்றால் இடைத்துண்டு 14.4. இரண்டு பிட் வாலைச் சேர்த்து வைக்கலாம், அல்லது ஒரு மரத்துண்டை அந்த அளவுக்குச் சீவி, மேலே அளவை எழுதி, மெசினிலேயே ஒரு ஆணியில் தொங்கவிடலாம். ஒரே வேலை அடிக்கடி வருகிறவர்களுக்கு, பான்ரி செய்கிறவர்களுக்கு முக்கியமாக, அந்த மரத்துண்டு எந்த அளவுகோலையும்விடப் பெறுமதியானது.

நட்டை இறுக்கும்போது கீழ் நட்டை ஒரு சாவியால் அசையாமல் பிடித்துக்கொண்டு மேல் நட்டை அதன்மேல் இறுக்குங்கள். கீழ் நட்டைப் பிடிக்காமல் இறுக்கினால் இரண்டும் சேர்ந்து சுழன்று, வைத்த அளவு போய்விடும். ஒரே ஒரு நட் மட்டும் உள்ள மெசின் என்றால் அதே மரையுள்ள இன்னொரு நட்டை வாங்கிப் போடுங்கள்.

இவ்வளவுக்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பலகையின் ஓரத்தில், மேற்பரப்பிலிருந்து வேண்டிய ஆழத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பலகையைப் பிட்டுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்து, பிட்டின் ஓரம் கோட்டுக்கு வரும்வரை இறக்கி, அங்கே நட்டைக் கொண்டுவந்து பூட்டுங்கள். கூம்பை விட்டுவிட்டு முழு அகலம் தொடங்கும் இடத்தைக் கோட்டோடு பொருத்தலாம் என்பது இதில் ஒரு வசதி, கணக்கே வேண்டாம். கண்ணால் பார்ப்பது என்பதால் அரை மிமீ இப்படி அப்படி இருக்கும்.

எந்த வழியில் வைத்தாலும் முதல் துளையைக் கழிவுத் துண்டில் போட்டு அளந்து, பிறகு திருத்துவதுதான் முறை. திருத்துவதற்கு ஸ்டொப்பர் கம்பியின் மரையே அளவுகோல். எம்10 சாதாரண மரை என்றால் நட் ஒரு முழுச் சுற்றுக்கு 1.5 மிமீ நகரும். நட்டுக்கு ஆறு பக்கம். ஆக ஒரு பக்கம் திருப்பினால் 0.25 மிமீ. துளை 0.5 குறைவாக இருக்கிறதா, நட்டை இரண்டு பக்கம் மேலே திருப்பு, அவ்வளவுதான். உங்கள் கம்பியின் மரை எதுவென்று தெரியாவிட்டால் பத்து மரையின் நீளத்தை வேணியரால் அளந்து பத்தால் பிரியுங்கள். பழைய மெசின்களில் அங்குல மரை வரலாம், அப்போதும் இதே கணக்குத்தான்.

அளப்பதிலும் பிழை உண்டு

வேணியரின் பின்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய தண்டு நீளும், அது ஆழம் அளப்பதற்கு. அகலமான தட்டை அடியுள்ள குழிக்கு அது அருமை. கூம்பு அடியில் அது எங்கே போய் நிற்கிறது என்று சொல்ல முடியாது. கொஞ்சம் நடுவே போனால் ஒரு அளவு, ஓரத்தில் நின்றால் இன்னொரு அளவு.

அதற்கு ஒரு எளிய வழி, அதே பிட்டைத் தலைகீழாகத் துளைக்குள் விடுவது. வாலின் தட்டை முனை கூம்புக்குள் இறங்காது, முழு அகலம் முடிகிற இடத்தில் உட்காரும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை அளந்து, பிட்டின் மொத்த நீளத்திலிருந்து கழியுங்கள். வழக்கமான 8 மிமீ பிட்டின் நீளம் 117 மிமீ. வெளியே 105 தெரிகிறது என்றால் துளை 12.

அளக்கும் முன் துளையின் வாயைச் சுத்தம் செய்யுங்கள். இரும்பில் பிசிறும், மரத்தில் நாரும் வாயில் மேடாக நிற்கும். வேணியர் அதன்மேல் உட்கார்ந்தால் ஆழம் கூடுதலாகக் காட்டும். அடியில் தூள் இறுகிக் கிடந்தால் குறைவாகக் காட்டும். பனை மரத்தில் துளைபோட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கறுப்பு நார் கம்பிபோல, இடையில் உள்ள சோறு பஞ்சுபோல. நார்த்தூள் பிட்டின் பள்ளத்தில் அடைத்து அடியிலும் இறுகிவிடும். பனையில் ஒரே இழுப்பில் அடிவரை போகாமல், நாலைந்து மிமீக்கு ஒருமுறை பிட்டை வெளியே எடுத்துத் தூளை உதறிவிட்டு இறக்குவதுதான் சரி.

ஏன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வருகிறது?

ஸ்டொப்பர் சரி, பலகைத் தடிப்பும் சரி, ஆனாலும் ஆழம் மாறுகிறது. இங்கேதான் ஓடாவிமாருக்கும், அதாவது தச்சர்களுக்கும், எங்களுக்கும் வித்தியாசம். அனுபவமுள்ள ஒரு ஓடாவியாரிடம் துளை கூடிப் போகிறது என்று சொன்னால் அவர் துளையைப் பார்க்கமாட்டார். ‘தம்பி, முதல்ல மேசையைத் துடையும்’ என்பார். பலகைக்கு அடியில் ஒரு மரச்சீவல் கிடந்தால் பலகை அந்த அளவுக்கு உயர்ந்துவிடும், துளையும் அந்த அளவுக்கு ஆழமாகும். இரும்புச் சுருள் என்றால் அரை மிமீ எளிதாக வரும். ஒவ்வொரு துளைக்கும் பிறகு ஒரு பழைய பெயின்ற் பிரஷ்ஷால் மேசையைத் தட்டிவிடுவது பழக்கமாக வேண்டும். வளைந்த பலகையும் இதே வேலையைச் செய்யும். நடுப்பகுதி மேசையைத் தொடாமல் வில்லாக நின்றால் அங்கே துளை ஆழமாகும். கிளாம்ப் போட்டு அமுக்கிவிடுங்கள்.

அடுத்தது கையின் பலம். இதை யாரும் எளிதில் நம்பமாட்டார்கள். கைபிடியின் நீளம் உள்ளேயுள்ள பற்சில்லின் ஆரையைப்போலப் பத்து மடங்கு என்று வையுங்கள். கையால் 10 கிலோ பாரம் அளவுக்கு இழுத்தால் பிட் கிட்டத்தட்ட 100 கிலோ பாரத்தோடு அமுக்கும். வார்ப்பிரும்பு மேசையும் அந்தப் பாரத்துக்குக் கொஞ்சம் சாயும், தலை கொஞ்சம் நிமிரும். ஸ்டொப்பர் கம்பியும் காதும் கொஞ்சம் வளையும். கொஞ்சம் என்பது பத்தில் இரண்டு மூன்று மிமீ. வெறும் கண்ணுக்குத் தெரியாது, வேணியருக்குத் தெரியும்.

பார்க்க விரும்பினால் ஒரு சோதனை. பிளக்கைக் கழற்றிவிட்டு, பிட்டுக்குப் பதிலாகத் தட்டை முனையுள்ள ஒரு பழைய போல்ட்டைச் சக்கில் பூட்டுங்கள். கைபிடியை இழுத்து நட்டைக் காதில் முட்டவிட்டு, போல்ட்டின் முனைக்குக் கீழே ஒரு கடதாசி மட்டும் மட்டுமட்டாக நுழையும்படி மேசையை உயர்த்திப் பூட்டுங்கள். மெதுவாக இழுத்துப் பிடித்தால் கடதாசி நழுவும். அதே கைபிடியைப் பலமாக இழுத்தால் கடதாசி பிடிபட்டு நின்றுவிடும். நட் ஏற்கெனவே முட்டித்தான் இருந்தது, ஆனாலும் முனை இன்னும் இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு துளைக்கும் உங்கள் பலம் வேறுபட்டால் ஆழமும் வேறுபடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. துளைத்துக்கொண்டிருக்கும்போது அமுக்கம் மேசையைக் கீழே தள்ளுகிறது, அதனால் துளை வேண்டியதைவிடச் சற்றுக் குறையும். நட் முட்டிய பிறகும் கையை முறுக்கினால் கம்பி வளைந்து துளை கூடும். இரண்டையும் தவிர்க்க ஒரே வழி: கடைசி ஒன்றிரண்டு மிமீயை மெதுவாக இறக்கி, நட் முட்டியதும் இலேசாகப் பிடித்தபடி ஒரு நொடி நிற்பது. அந்த ஒரு நொடியில் சாய்ந்த மேசை மேலே எழும்பும், மிச்சமிருந்த மெல்லிய படலத்தைப் பிட் சுரண்டிவிடும். பிட் கூராக இருந்தால் இவ்வளவு பலமும் தேவைப்படாது. மழுங்கிய பிட்டோடு ஆழத்தைப் பிடிக்கப் பார்ப்பது வீண்.

பெரிய பிட்டால் இரும்பைத் துளைக்கிறீர்கள் என்றால் மேசைக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையை அளவாக வெட்டி முட்டுக்கொடுங்கள். ஆட்டோவுக்கு வைக்கும் சின்ன ஜக் இருந்தால் அதுவும் நல்லது. மேசையின் சாய்வு பெரும்பகுதி நின்றுவிடும்.

பிட் சக்குக்குள் நழுவுவது இன்னொரு காரணம். சக்கில் சாவி நுழையும் ஓட்டைகள் மூன்று இருக்கும், மூன்றிலும் சாவியைப் போட்டு இறுக்க வேண்டும். எண்ணெய் பட்ட பிட்டின் வாலைத் துணியால் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். நழுவுகிறதா என்று சந்தேகமாக இருந்தால் சக்கின் வாய்க்கு நேரே வாலில் ஒரு மார்க்கர் கோடு போட்டு வையுங்கள். கோடு காணாமல் போனால் பிட் உள்ளே போய்விட்டது.

பிட்டைக் கழற்றி மறுபடி பூட்டினாலும், தீட்டினாலும், வேறு பிட் போட்டாலும் பழைய அளவு செல்லாது. அதனால் வேலையை ஒழுங்குபடுத்துங்கள். எல்லாப் பலகைகளிலும் 8 மிமீ துளைகளை முடித்துவிட்டு அப்புறம் 5 மிமீ பிட்டுக்குப் போகலாம். ஒவ்வொரு பலகையாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிட்டை மாற்றி மாற்றிப் போடுகிறவர் நாள் முழுக்க ஸ்டொப்பரைத்தான் திருகிக்கொண்டிருப்பார்.

முழுதாகத் துளைத்து வெளியே போகும் துளைக்கும் ஸ்டொப்பரை வையுங்கள். பலகைக்கு அடியில் ஒரு கழிவுப் பலகை, பிட் அதற்குள் மூன்று நாலு மிமீ இறங்கி நிற்கட்டும். மேசையில் ஓட்டை விழாது, பலகையின் கீழ்ப்பக்கமும் சிதறாது. கையுறை மட்டும் போட வேண்டாம், சுழலும் பிட்டில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். நீளக் கைச் சட்டையை மடித்துவிடுங்கள்.

எவ்வளவு துல்லியம் எதிர்பார்க்கலாம்? சாதாரண பெஞ்ச் டிரில்லில் மரத்தில் அரை மிமீக்குள் பிடிப்பது கஷ்டமே இல்லை. மேலே சொன்னவற்றைக் கவனித்தால் 0.2 மிமீக்குள் வரும். அதற்குக் கீழே வேண்டும் என்று யாராவது கேட்டால் அந்த வேலையை மில்லிங் மெசின் உள்ள பட்டறைக்கு அனுப்பிவிடுவதே நல்லது. கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் இதற்குப் பொறுமையாகக் கணக்குப் போடுவார்கள். ஆனால் கபேட் கதவுக்கு அது தேவையில்லை.

நிறையத் துளை போடும்போது முதலாவதை அளங்கள், இடையில் ஒன்றிரண்டை அளங்கள், கடைசியையும் அளங்கள். ஆழம் மாறியிருந்தால் எந்தப் பக்கம் மாறியிருக்கிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். வர வரக் குறைந்துகொண்டே போனால் பிட் சக்குக்குள் மேலே நழுவுகிறது, அல்லது மேசையின் பூட்டு தளர்ந்து மேசை இறங்குகிறது. வர வரக் கூடிக்கொண்டே போனால் நட் அதிர்வில் தளர்ந்து மேலே ஏறுகிறது, அல்லது பிட்டை வெளியே எடுக்கும்போது மரம் அதைப் பிடித்துச் சக்கிலிருந்து கீழே இழுக்கிறது.  ஒழுங்கில்லாமல் ஒன்று கூடி ஒன்று குறைந்தால் பலகைக்கு அடியில் தூள், பலகைத் தடிப்பு, கையின் பலம், இந்த வரிசையில் தேடுங்கள். எல்லாத் துளையும் ஒரே அளவில் பிழையாக இருந்தால் மெசினில் ஒரு குறையும் இல்லை, நட்டை இரண்டு பக்கம் திருப்பிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.